மூன்றாவது சிலிண்டர்

சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு காலையில்தான் வண்டி முதன்முதலாக உதறியது. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி, பின்னால் மினி பஸ். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு இன்னொன்று. ஸ்டீயரிங்கில் வைத்திருந்த உள்ளங்கையில்தான் முதலில் தெரிந்தது, அப்புறம் இருக்கையில்.

பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த என் கணவர், கண்ணைத் திறக்காமலே, "மிஸ் அடிக்கி" என்றார்.

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். லேசா ரேஸ் குடு. அணையாம பாத்துக்கோ."

ரயில் போனது. கேட் திறந்தது. வேகம் எடுத்ததும் உதறல் நின்றுவிட்டது. நானும் மறந்துவிட்டேன். மறக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. புதிதாக ஒரு கவலையை வைத்துக்கொள்ள அந்த நாள்களில் என்னிடம் இடம் இல்லை.

நாங்கள் இருப்பது அம்பாசமுத்திரத்தில், வாய்ப்பேச்சில் அம்பை. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் செய்ய எங்களுக்கு இடம் கிடைத்தது பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில். வாரத்தில் மூன்று நாள், காலை ஷிப்டு. விடியும்போது கிளம்பினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலப்பாளையம் என்று ஊர் ஊராகக் கடந்து போய்ச் சேர வேண்டும். அவர் படுத்திருக்கும் நேரம் முழுக்க நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். முடிந்து வரும்போது முகம் வெளுத்து, பேச்சு குறைந்து, சில நாள் வாந்தியோடு வருவார். அந்த நிலையில் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால் கார்.

கார் அவருடையது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, இன்னொருவரிடமிருந்து வாங்கினார். அப்போதே அது பழையது. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். அவருக்கு நோய் வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அறுபதை நெருங்கும் வயதில் டிரைவிங் ஸ்கூலில் கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டேன். ஓட்டத் தெரியும். பானட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அடுத்த வாரம் உதறல் எல்லா இடத்திலும் வந்தது. வீட்டிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் இருக்காது. வீரவநல்லூர் தாண்டி எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், எங்கே வேகம் குறைத்தாலும் உதறும். பத்தமடைக் கடைத்தெருவில் பாய் வியாபாரிகளின் ஆட்டோக்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, அணைந்துவிடுமோ என்று ஒரு கால் எப்போதும் ஆக்சிலேட்டரிலேயே இருக்கும். வீடு திரும்பியதும் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

அம்பையில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுவார், பேசிக்கொண்டே பாதி வேலையை முடித்துவிடுவார். பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பெட்ரோல் சரியா வரலக்கா. பில்டர் அடைச்சிருக்கும். பிளக்கும் மாத்திருவோம்" என்றார்.

என் கணவர் காரை விட்டு இறங்காமலே, "பெட்ரோல் இல்ல வே. கரண்டு" என்றார்.

"அண்ணாச்சி, வண்டி நாப்பதுல நல்லாப் போவுதுங்கிய. கரண்டு கோளாறுன்னா அங்கன இழுக்கும்போதுல்லா அடிக்கணும்?"

"சூட்டுல, பிளக்குக்குக் கரண்டு குடுக்க காயில் வீக் ஆவும். நான் பாக்காத காயிலா?"

முப்பது வருஷம் கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் பழுது பார்த்தவர். உலகத்தில் எது நின்றுபோனாலும் அவருக்குக் கரண்டுதான் காரணம். மிக்ஸி, மோட்டார், ஒரு தடவை எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பு நின்றபோதுகூட. பல தடவை அவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கிறது. அதனால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்.

மெக்கானிக் பில்டரையும் பிளக்குகளையும் மாற்றினார். இரண்டு நடை நன்றாகப் போனது, அல்லது நன்றாகப் போவதாக நானே நினைத்துக்கொண்டேன். மறுபடி உதறியது. பிறகு என் கணவரின் முறை. காயில் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. பிளக் ஒயர்களும் புதிதாகப் போட்டார்கள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெக்கானிக் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டார். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுமாம். எங்கள் வண்டியில் அதைச் செருகவே இடம் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. மாற்றுகிற ஒவ்வொரு நாளும், அடுத்த நடைக்குள் தயாராகுமா என்று பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருப்பேன். மருத்துவமனையிலும் நாற்காலி, இங்கேயும் ஸ்டூல். அந்த மாதம் நான் படுத்ததைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில், வீரவநல்லூர் ஊருக்குள் ஒரு வேகத்தடையில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் உதறிக்கொண்டு எழும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணையும். நாலு சிலிண்டரில் மூன்றில்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னார். அதற்குள் எனக்கே அந்தச் சத்தம் பழகியிருந்தது. நொண்டி நடக்கிற ஒருவர் ஓட முயல்கிற மாதிரி. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு டீக்கடைக்காரர் ஓடிவந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"டாக்சி ஏதாவது பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பிப் போவோம். பையப் போனா வீடு வரைக்கும் போயிரும்."

"டயாலிசிஸ்?"

"நாளைக்கிப் போவலாம். போன் பண்ணிச் சொல்லு."

நான் வாதாடவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் கண்டிப்பாக வந்துவிட வேண்டும், தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். வண்டியைத் திருப்பி, முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு கட்டிலில் சாய்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். கேட்டு வாங்கி இரண்டு இட்லி சாப்பிட்டார். வெகுநாளாக அப்படிக் கேட்டதில்லை. நான் மின்விசிறிக்குக் கீழே தரையில் பாயை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வெளியே மழை விட்டு, எதிர்த்த வயலில் நடவுக்காரப் பெண்கள் பேசுவது கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "நல்லா தூங்கினட்டி" என்றார். அவ்வளவு சாதாரணமான குரலை அவரிடம் கேட்டு நாளாகியிருந்தது.

மறுநாள் விடியும் முன்பே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுக்க முடியவில்லை. பாதம் வீங்கி விரல் வைத்தால் குழி விழுந்தது. பக்கத்துத் தெருவில் டாக்சி வைத்திருப்பவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனோம். முன்னால் சாய்ந்து, டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஊரும் முந்தைய நாளைவிடத் தொலைவாக இருந்தது. டாக்டர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவை விட்டா என்ன ஆவும்னு இப்பத் தெரியுதுல்லா?" என்றார். எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் சேர்ந்த தண்ணீரை இறக்க அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் மாலை, வண்டி வீட்டு முற்றத்தில் நிற்க, நான் அவரிடம் கேட்டேன். "எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? மாத்தி மாத்தி எனக்கு அலுத்துட்டு."

அவர் முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, "இருக்கு. பானட்டைத் தெற" என்றார்.

முன் இருக்கைக் கதவைத் திறந்துவைத்து அவரை உட்காரவைத்தேன். அவருடைய வேலைக்காலத்து ரப்பர் கையுறை அலமாரியில் கிடந்தது. முழங்கை வரை வரும் தடித்த கையுறை. அதைப் போட்டுக்கொண்டு நிற்கையில் என்னைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சுற்றுச் சுற்றி எஞ்சினைச் சூடாக்கியிருந்தோம். அது நின்ற இடத்தில் உதறிக்கொண்டிருந்தது.

"ஓரத்துல இருக்கது ஒண்ணு. அதுல இருந்து வரிசையா. ஒரு ஒயரை மட்டும் பைய உருவு. சத்தத்தை நான் கேக்கேன். கேட்டதும் மாட்டிரு."

முதல் ஒயரை உருவினேன். எஞ்சின் தடுமாறி அணையப் போனது. "மாட்டு. அது வேல செய்யுது." இரண்டாவதை உருவினேன். அதேபோல் தடுமாறியது. மாட்டினேன். மூன்றாவதை உருவினேன். ஒன்றும் ஆகவில்லை. உதறல் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒயர் கையில் இருக்கிறது, எஞ்சினுக்கு அது தெரியவே இல்லை. நான் அவரைப் பார்த்தேன்.

"நாலாவதையும் பாரு" என்றார். நாலாவதை உருவியதும் எஞ்சின் அணைந்தே போனது.

"மூணுதான்" என்றார். "மூணாவது சும்மா சுத்துது."

"பிளக்கு புதுசு. ஒயர் புதுசு. காயில் புதுசு. பெறவு என்ன?"

"காயில்ல ஒரு முனை கெட்டிருக்கும். புதுசும் கெட்டது வரும்லா."

"அப்ப பிளக்கை மாத்திப் போட்டுப் பாப்போமா? ரெண்டுக்கு உள்ள பிளக்கை மூணுல போட்டா?"

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எஞ்சின் ஆறியபின், அவர் சொல்லச் சொல்ல, பிளக் ஸ்பேனரை வைத்து இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். என் கைக்கு அது அவ்வளவு கடினமான வேலையாக இருக்கவில்லை. கழற்றிய மூன்றாவது பிளக் கறுத்து ஈரமாக இருந்தது. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தபோதும் மூன்றாவதுதான் செத்துக் கிடந்தது. அதற்குத் தீப்பொறி போகிறதா என்று பழைய பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி எஞ்சின் உடம்பில் ஒட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார். நீலமாகப் பொறி அடித்தது. டிக் டிக் என்று சத்தம்கூடக் கேட்டது.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "கரண்டு இருக்கு" என்றார்.

காலையில் அதை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெட்ரோலும் வருதுன்னு அர்த்தம்க்கா, பிளக்கு ஈரமா இருக்குல்லா. கம்ப்ரஷன், அதான் உள்ள காத்து அழுத்தம், பாக்கணும். மொதல்லயே பாத்திருக்கணும். அதுக்கு உள்ள மீட்டரை ஆலங்குளத்து ஆளு ஒருத்தர் வாங்கிட்டுப் போயி தரல. அதான் தள்ளிப்போட்டுட்டேன்." அவருக்குச் சங்கடமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

மீட்டரை வாங்கிவர ஆள் அனுப்பினார். பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரைத் திருகி, என்னை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். மற்ற மூன்று சிலிண்டரிலும் முள் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் போனது. மூன்றாவதில் பாதியிலேயே நின்றது. ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தார். முள் ஏறவில்லை. ஆயில் ஊற்றி ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை என்றார்.

என் கணவர் வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அந்த பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, டயருக்குக் காற்று அடிக்கிற டியூபை பிளக் ஓட்டையில் பொருத்திக் காற்றை விட்டார். எஞ்சின் ஓடவில்லை. பட்டறையில் எல்லாரும் சும்மா இருந்தோம். சைலன்சர் பக்கம் குனிந்திருந்த என் கணவர் தலையைத் தூக்கினார்.

"வே, காத்து இங்க வருது."

மெக்கானிக் போய்க் காதை வைத்தார். "ஆமா அண்ணாச்சி. புகை போற எக்சாஸ்ட் வால்வு. மூடவே மாட்டேங்கு."

வால்வுக்கு மேலே விட வேண்டிய மெல்லிய இடைவெளி வருஷக்கணக்கில் யாரும் பார்க்காமல் குறைந்துபோயிருக்கிறது. சூடாகிற நேரத்தில் வால்வு நீண்டு, முழுக்க மூடாமல், எரிகிற வாயு அதன் ஓரத்தைத் தின்றிருக்கிறது. முதலில் சூட்டில் மட்டும் உதறியது அதனால்தான். இப்போது ஓரம் கருகி, எப்போதும் ஒழுகுகிறது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். திருநெல்வேலியில் கொடுத்து வாங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

"கரண்டு இல்ல, பெட்ரோல் இல்ல" என்றார் என் கணவர், மெக்கானிக்கைப் பார்த்து. "ரெண்டு பேரும் தோத்தோம்." மெக்கானிக் சிரித்தார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து வெளியே போய் நின்றேன்.

வண்டி அங்கே பிரித்துக் கிடந்தது. அடுத்த டயாலிசிஸ் நாளுக்கு அதே டாக்சிக்காரரை வரச்சொல்லியிருந்தேன். விடிந்ததும் வாசலில் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தார். பையில் போர்வை, துண்டு, பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனால், இவர் கட்டில் விளிம்பில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டை மடியில் கிடந்தது.

"நேரமாவுது, போடுங்க."

"நம்ம வண்டி வரட்டுமே. அதுல போயிக்கலாம்."

"அது வர ஒரு வாரம் ஆவும்."

"தெரியும்."

நான் பையைக் கீழே வைத்தேன். அவர் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கி வீரவநல்லூர்ல டாக்சி பாத்திருக்கலாம். நான்தான் திரும்பிப் போவோம்னேன். வண்டி கெட்டுக் கெடந்தா ஒரு நாளு கெடைக்கும்லா. அப்படித்தான் தோணிச்சு. வண்டி சரியாவாண்டாம்னே நெனச்சேன். காயில் காயில்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தது பாதி அதுக்குத்தான்."

"மறுநாள் மூச்சு முட்டுனது மறந்துட்டா?"

"மறக்கல. அது தெரிஞ்சும்தான் சொல்லுதேன். அந்த ஊசி, அந்தக் கட்டில், வந்த பெறவு ரெண்டு நாளு தலை சுத்தல். முடியலட்டி. உனக்கும் முடியலன்னு தெரியுது. நீ கால நீவிக்கிட்டுத் திரியுதது எனக்குத் தெரியாதா?"

டாக்சிக்காரர் எஞ்சினை நிறுத்துவது கேட்டது. நம்பிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனம் பழக்கத்தில் தேடியது. போதகர் ஜெபிக்க வரும்போது சொல்வது, மகள் போனில் சொல்வது, எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"எனக்கும் அன்னைக்கிப் பகல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "தூங்கினேன். நீங்க இட்லி கேட்டிய. எனக்கும் அப்படியே இருந்துரலாம்னுதான் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. "நெசமாவா?" என்றார்.

"நெசமா. ஆனா மறுநாள் டாக்சில நீங்க டாஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு வந்தத நான் பாத்தேன். திரும்ப அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

பக்கத்து வீட்டில் யாரோ பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சட்டைக்குள் கையை விட்டார். டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற இடது கை எப்போதும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் பிடித்து விட்டேன்.

"இனிமே வண்டி மேல பழி போடாதிங்க" என்றேன். "போவ மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா விட்டுருவியா?"

"விட மாட்டேன். ஆனா சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். டாக்சியில் பின் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தோம். அம்பைப் பாலத்தில் ஆறு கலங்கலாக நிறைந்து போய்க்கொண்டிருந்தது. டாக்சி சுகமாகத்தான் ஓடியது. நான் ஓட்டாததால், பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சாலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். வயல்களில் நாற்று பிடித்திருந்தது. கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஹெட் திரும்பி வந்து பூட்டியபோது மெக்கானிக் எல்லா வால்வுக்கும் இடைவெளி சரிபார்த்துவிட்டு, என்னையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பாபநாசம் சாலையில் விக்கிரமசிங்கபுரம் வரை போய் வந்தேன். கோயில் பக்கம் வேண்டுமென்றே நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, கையை ஸ்டீயரிங்கில் வைத்துக் காத்திருந்தேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு வேலை முடிந்தது. அடுத்த வேலை மறுநாள் விடியும்போது.

இப்போதும் போய்வந்துகொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு நடைக்கு டாக்சி வைத்துக்கொள்கிறோம், அன்று நான் ஓட்டுவதில்லை. அது அவர் சொன்ன ஏற்பாடு. சில நாள் விடியலில் விளக்கைப் போட்டதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "இன்னைக்கி மனசு வரல" என்பார். நான் "சரி" என்று சொல்லிவிட்டுப் பையில் துண்டையும் போர்வையையும் எடுத்து வைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து கட்டில் கிரீச்சிடும். எழுந்து உட்கார்ந்து, சட்டையை நீட்டுவார். இடது கைப் பக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன்.